கையில் புத்தகத்தோடு ஓர் அம்மை

பழைய சாமான் வாங்கப் போகிறவனை எந்த வீட்டிலும் சந்தோஷமாக வரவேற்க மாட்டார்கள். அவன் படியேறுகிறான் என்றால் அந்த வீடு உடைகிறது என்று அர்த்தம். ஏல வீட்டு முற்றத்தில் வெயில் காய்ந்து, அடுத்தவன் விலையைக் கூட்டிக் கேட்டுவிடுவானோ என்று பதைத்து, கடைசியில் ஒரு கால் இல்லாத நாற்காலியோடு வீடு திரும்பிய அன்பர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. மாமன் சொத்து மருமகனுக்குச் சேருகிற மருமக்கள் வழி போய், குடும்பச் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு, நாஞ்சில் நாட்டில் பெரிய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அந்தப் பத்து வருஷமும் எனக்குப் பிழைப்புக்குக் குறைவில்லை. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. அழுது வடிகிற வீட்டில் சாமான் வாங்க வந்தவனுக்கு யார் பாய் விரிப்பார்கள்?

எங்கள் வீட்டு ஏலம்

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது நான் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி கிடைத்து ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடத்துச் சுவரில் என் அம்மையின் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி இருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எழுதி வாங்கிய படம் அது. ஊர் ஊராகப் போய்ப் படம் எழுதுகிறவர் ஒருவர் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கி எழுதினார். கையில் புத்தகம் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, என் பாடப் புத்தகத்தை அம்மையிடம் கொடுத்து உட்கார வைத்தார். அட்டையில் நான் கொட்டியிருந்த மைக்கறையைக்கூட விடாமல் எழுதினார் மனிதர். அம்மைக்கோ எழுத்துத் தெரியாது. சாகும்வரை அது அவளுக்குப் பெரிய குறை. நான் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் போன பிறகு அவள் முகம் என்று எனக்கு இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் அமையவும் இல்லை. சித்தி மகனைப் பிடித்து, "படம் எங்கடே?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "அண்ணே, பெரியம்மெய எந்தப் பங்குல சேக்கதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல்ல. அதான் பொதுவுல வச்சு வித்தாச்சு."

நாலு துண்டு உருளி

ஏலத்தில் அந்தப் படத்தை எடுத்தவன் வெளியூர்க்காரன் என்பதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. எங்கே சாமான் விற்றாலும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். போன இடத்தில் வெறுங்கையோடு நின்றால் சந்தேகப்படுகிறார்களே என்று ஒரு குத்துவிளக்கு, ஒரு வெற்றிலைச் செல்லப்பெட்டி என்று வாங்கத் தொடங்கினேன். அவற்றைத் திருவனந்தபுரத்துக் கடைகளில் கொடுத்தேன். கொழும்புக்குத் திரும்பவே இல்லை.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பங்காளிகள். முற்றத்தில் ஒரு வெண்கல உருளி கிடந்தது. மூன்று தலைமுறைக் கல்யாணத்துக்கும் பாயசம் வைத்த உருளி. விளிம்பில் கொடியும் பூவுமாக வார்த்திருந்த வேலைப்பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் கை சும்மா இருக்காது. பக்கத்தில் கொல்லன் உளியோடு குந்தியிருந்தான். நாலாக அறுத்து நிறுத்துப் பிரிக்கப் போகிறார்களாம். நான் பதறிப் போய், முழுசாகக் கொடுங்கள், என்ன விலை என்றாலும் தருகிறேன், பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். மூத்தவர் மாட்டேன் என்று தலையை ஆட்டி, பிறகு கொல்லனைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அது முழுசா எங்கயாவது இருக்குன்னு தெரிஞ்சா எங்க நாலு பேருக்கும் ஒறக்கம் வராது வே. நீ அறுடே."

துரைசாணியின் ஏலம்

வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பியபோது பங்களா வாசலில் ஏலம் நடந்தது. தொப்பி மாட்டுகிற மரத்துக்கு அடிபிடிச் சண்டை. எடுத்தவர் அதில் வாழைக்குலை தொங்கவிடப் போவதாகச் சொல்லி, எத்தனை குலை தாங்கும் என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியாரின் மனைவி துரைசாணி தன் கையால் எழுதிய படங்களை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. திற்பரப்பு அருவி, கன்னியாகுமரிப் பாறைகள், புளியமரத்தடியில் ஒரு சிறிய கல்லறை. மூன்றையும் நான் எடுத்தேன்.

அவளிடம் பக்கத்தில் போய், பழைய படம் வாங்கி வைத்திருக்கிறீர்களா, புத்தகம் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் படம், என் தாயார், என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு என் கையிலிருந்த கல்லறைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேத புத்தகத்திலிருந்து படித்த தமிழ் அவளுடையது. "எல்லாவற்றையும் விற்றுப்போட்டேன், ஐயா. என் மகனை மாத்திரம் இந்த ஊரிலே விட்டுப்போகிறேன். அவனை யார் போய்ப் பார்ப்பார்கள்?"

சீமை ராணி

அந்தப் பங்களாப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு நடை போய், புளியமரத்தடிப் பிள்ளையின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவேன். எனக்கென்ன, வீட்டில் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா?

இதற்குள் என்னைப் பற்றி ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டது. பெண்பிள்ளைகள் படம் என்றால் கேட்ட விலை கொடுக்கிற கிறுக்கன் ஒருவன் அலைகிறான் என்று. அன்றிலிருந்து வீட்டு வாசலில் சரஸ்வதி வந்தாள், லட்சுமி வந்தாள், நாடகக்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள். பத்மநாபபுரத்துத் தரகர் ஒருவர் துணியில் பொதிந்து பெரிய படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். நானே முந்திப் போய் முடிச்சை அவிழ்த்தேன். பொதியைப் பிரித்தால் தலையில் கிரீடத்தோடு சீமை மகாராணி! எங்கள் அம்மை இவ்வளவு சதைப்பிடிப்பு இல்லையே ஐயா, கையில் புத்தகமும் இல்லையே என்றேன். சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபோது அழுகையும் வந்தது. தரகர் என் தோளைத் தட்டிச் சமாதானம் சொன்னார்: "புஸ்தகந்தானே இல்ல, அதுக்கா அண்ணாச்சி அழுதீரு? ஒரு நாள் பொறும், எழுதிச் சேத்துக் கொண்டாறேன்."

சுரண்டிய நெற்றி

திற்பரப்புக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு. கிறிஸ்தவக் குடும்பம். பழைய ஈட்டி மரப் பெட்டி ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே கால் வைத்ததும் எதிர்ச் சுவரில் அம்மை இருந்தாள். கையில் என் புத்தகம். அட்டையில் என் மைக்கறை. நெற்றியில் திருநீறு இருந்த இடத்தில் மட்டும் சாயம் திட்டாகப் பெயர்ந்திருந்தது. பெட்டியை மறந்துவிட்டேன். யார் இது என்று கேட்டேன். "எனக்க அம்மெயாக்கும்" என்றார் வாத்தியார்.

வாத்தியாருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய தாயார் மிஷனைச் சேர்ந்தவள், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். ஒரு படம்கூட எடுத்து வைக்காமல் இறந்துபோனாள். "அம்மெ சாவும்ப எனக்கு நாலு வயசு. மொகம் ஓர்மெ இல்ல. கையில எப்பவும் வேத புஸ்தகம் இருக்கும், அது மட்டும் நல்ல ஓர்மெ உண்டு. தக்கலைச் சந்தையில இந்தப் படத்தக் கண்டேன். இது அம்மெதான்னு தோணிச்சு. நெத்தியில பூசியிருந்தத நாந்தான் கத்தி வச்சு சொரண்டினேன்" என்றார். அவர் மகள்கள் இரண்டு பேர், நாங்களும் பாட்டியைப் போல் வாத்திச்சி ஆகப் போகிறோம் என்றார்கள். உயிரோடு இருந்திருந்தால் ஆசாரம் பார்க்கிற எங்கள் அம்மை அந்த வீட்டுப் படியை மிதித்திருக்கமாட்டாள். அவர்களையும் எங்கள் வீட்டுப் படியேற விட்டிருக்கமாட்டாள். எனக்குக் கோபம் வந்தது. என் அம்மை நெற்றியைச் சுரண்ட நீ யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மடியில் பணம் இருந்தது. விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்டேன். "அம்மெய ஆராவது விப்பாங்களா?" என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார். என் சித்தி மகன் முகம் நினைவுக்கு வந்தது.

பெண்கள் இருவரும் படத்துக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்கள். எழுத்தறியாமல் செத்த அம்மை இங்கே ஊருக்கெல்லாம் எழுத்தறிவித்தவளாக இருந்தாள். அவளை இறக்கி எடுத்துக்கொண்டுபோய் நான் எங்கே மாட்டுவேன்? என் ஒற்றை அறையிலா? இனி தேடுவதற்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். வாத்தியார் என்னை உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "ஒங்களுக்கு அம்மெ உண்டா?" என்று கேட்டார். இல்லை, படமும் இல்லை என்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "கவலப்படாதிங்க. எடைக்கிடெ வந்து எனக்க அம்மெயப் பாத்திட்டுப் போங்க."

வீடு உடைந்தால்தான் பிழைப்பு என்று பத்து வருஷம் அலைந்த நான், இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய், அந்த ஒரு வீடு மட்டும் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.