வாசற்குழாய்க்கு எழுதிய வரலாறு

எங்கள் பள்ளி வாசலில் ஒரு பித்தளைக் குழாய், கீழே சிமெண்டுத் தொட்டி. கடற்கரைக் குப்பத்துப் பையன்கள் அங்கே முழங்கால்வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கடைத்தெருப் பையன்கள் சேற்றோடு வந்தாலும் கேள்வி கிடையாது. அது தாளாளர் குடும்பத்தின் சொந்த ஆண்கள் பள்ளி. அவர் வைத்ததுதான் சட்டம்.

நான் கோலார் தங்கவயலிலிருந்து அந்தக் கடலோர ஊர் ஹாஸ்டலுக்குக் கொண்டுவிடப்பட்டவன். அலையைப் பார்த்தால் பத்தடி பின்வாங்குகிற வீரன். ஆனாலும் என் நிறமும் உருவமும் வாட்ச்மேனுக்குப் போதுமானதாக இருந்தன. முதல் நாளே, "டேய், கால கழுவுடா" என்றார். "அண்ணே, நான் கோலாருங்க" என்றேன். "அது எந்தக் குப்பம்?" என்றார்.

இதை நடித்துக் காட்டியே வகுப்பில் ஜோக்கர் பட்டம் வாங்கினேன். சிரிக்காத ஒரே ஆள் டிரில் மாஸ்டர். "நல்லாத்தான் சொல்ற. தெனமும் அங்க கால் கழுவிட்டு நிக்கிறானே குப்பத்துப் பையன், அவனைச் சிரிக்க வை பாப்போம்."

விளையாட்டு விழா அன்று காலை மாஸ்டரே குழாயடியில் நின்றார். மனைவியைக்கூடத் தொடவிடமாட்டார் என்று நாங்கள் கேலி செய்யும் அந்த வெள்ளை கேன்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு முதலில் தன் காலைக் கழுவினார். பிறகு கடைத்தெரு, ஹாஸ்டல், வாத்தியார்கள் என்று ஒருவரையும் விடவில்லை. தாளாளர் காரிலிருந்து இறங்கினார்.

"சார், ஷூவைக் கழட்டுங்க. ரூல்னா எல்லாருக்கும்தானே?"

பேண்டு வாத்தியம் பாதியில் நின்றது. தாளாளர் மறுபடி ஏறி உட்கார்ந்து காரைத் திருப்பச் சொன்னார். அடுத்த வாரம் டிரில் பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் வந்தார். மாஸ்டர் எங்கே என்று கேட்டவனுக்குப் பிரம்படி. குப்பத்துப் பையன்கள் மட்டும், நான் படிப்பு முடித்து வெளியேறும்வரை, கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அந்தப் பள்ளிக்கு வரலாறு எழுதுகிறார்கள். தொகுப்பவன் என் பழைய பெஞ்சுக்காரன். போன வாரம் ஆஸ்டின் டவுனில் என் வீட்டுக்கு வந்து, அச்சுக்குப் போகும் பக்கங்களைப் பெருமையாக நீட்டினான். 'வாசலில் கால் கழுவி நுழையும் மரபு, பேதமின்றி அனைவருக்கும் தூய்மையையும் பணிவையும் கற்பித்தது' என்று போட்டிருந்தது. பேதமின்றியாம்! டிரில் மாஸ்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு மட்டும் கடைசியில் இரண்டு பக்கம் காலியாக விட்டிருந்தான். தலைப்பு, 'சிரிப்பு மேடை'.

"மச்சி, அந்த வாட்ச்மேன் மேட்டரை எழுதுடா. செம காமெடி."

"மாஸ்டரைத் துரத்துனதையும் சேத்து எழுதறேன்."

"ஐயோ, ஸ்கூல் பேரு கெட்டுடும்டா."

"சரி, யாரு கால் கழுவுனாங்கன்னு மட்டுமாவது போடு."

"சும்மா இரு மச்சி. நீ ஜோக் அடிக்கிற ஆளு, உனக்கெதுக்கு இதெல்லாம்?"

சாவு வீட்டில்கூட வாயை அடக்கத் தெரியாதவன் நான். அன்றைக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்குக் கொடுத்த மேடையும் கடைசிப் பக்கத்தில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் போனதும் உட்கார்ந்து, தாளாளர், கார், பிரம்படி எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "நல்லா எழுதியிருக்க மச்சி. ஆனா எங்க சிரிக்கணும்னு தெரியலையே?"

"சிரிக்காத" என்று பதில் போட்டேன். "அப்படியே அச்சடி."