சுடலை ஒழுங்கையில் ஒரு ராட்டினம்

கைபேசி வரைபடத்தில் இன்று பூங்கா வீதி என்று காட்டுகிற தெருவுக்கு, எனக்கு ஒன்பது வயதாகும்வரை சுடலை ஒழுங்கை என்றுதான் பேர். சுன்னாகத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழியில் இடப்பக்கம் திரும்புகிற செம்மண் ஒழுங்கை அது. அதன் முடிவில் ஊர்ச் சுடலை. அந்த ஒழுங்கையால் போகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று செத்தவர்கள், மற்றது அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற ஆண்கள். பெண்கள் செத்த வீட்டு வாசல் படலையோடு நின்று குழறி அழுதுவிட்டு உள்ளே திரும்பிவிடுவார்கள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே கலியாணம் முடித்த பெண்களுக்குக்கூட அந்த ஒழுங்கை எந்த இடத்தில் வளைகிறது என்று தெரியாது.

அங்கே, சுடலை மதிலோடு ஒட்டிக் கிடந்த வெறுங்காணியை வாங்கி, சின்ன வயதிலேயே ஊரைவிட்டு வெளிநாடு போய்த் திரும்பி வந்த ஒருவர் பூங்கா கட்டத் தொடங்கினார். காணி ஏன் அவ்வளவு மலிவு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையோ, சொல்லியும் அவர் சிரித்துவிட்டாரோ தெரியாது. பெரிய பெரிய லொறிகள் வந்தன. ஒரு மாதத்துக்குள் ராட்டினம் பனைகளுக்கு மேலே எழும்பிவிட்டது. எங்கள் வெங்காயத் தோட்டத்தில் நின்றாலே அதன் மேல் பாதி தெரியும். பின்னேரங்களில் சிவப்பும் பச்சையுமாக லைற் போட்டுப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திறந்த முதல் ஞாயிறே பக்கத்து வீட்டுப் பெடியன் தகப்பனோடு போய்விட்டு வந்தான். அவன் என் வகுப்பு. திங்கட்கிழமை முழுவதும் அவன் வாய் மூடவில்லை. மோதுகாராம், அதில் ஏறி யாரை இடித்தாலும் யாரும் ஏசமாட்டார்களாம். உள்ளே போகப் பெரியவர்களுக்கு முந்நூறு, பிள்ளைகளுக்கு நூற்றைம்பது, ஒவ்வொன்றிலும் ஏற வேறு காசு என்று விலைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தான். அவன் சொல்லாமல் விட்ட செலவு ஒன்றும் இருந்தது. சுடலை ஒழுங்கையால் போய் வந்தவன் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவனுடைய தாய் கிணற்றடியில் காத்து நின்று, தகப்பனுக்கும் மகனுக்கும் தலையில் வாளி வாளியாக வார்த்திருந்தார். மூன்று ஞாயிறு தொடர்ந்து பூங்காவுக்குப் போனவன் நாலாம் ஞாயிறு தடிமன் பிடித்துப் படுத்துவிட்டான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆனால் அவனாவது போனான். நான் பெண்பிள்ளை. அப்பாவைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்றார். அம்மாவைக் கேட்டால், அந்த ஒழுங்கையால் பெண்கள் போவதில்லை என்றார். நான் பெண் இல்லை, சின்னப்பிள்ளைதானே என்று வாதாடிப் பார்த்தேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஊரில் பாதிப் பேர் படலையோடு நின்றுவிட்டால் பூங்கா எப்படி ஓடும்? பெண்கள் வராததால் பிள்ளைகளும் குறைவு. முதலாளிக்கு விசயம் பிடிபட இரண்டு மாதம் எடுத்தது. ஒருநாள் அவர் சனசமூக நிலையத்துக்கு ஒரு பெட்டி பிஸ்கட்டும் சோடாவுமாக வந்து இறங்கினார். அங்கே செயலாளர் அம்மாவின் தம்பி, என் மாமா. ஒழுங்கைக்குத் தார் போட்டுத் தருகிறேன், நல்ல பேராக ஒன்றை நீங்களே வையுங்கள் என்று முதலாளி கேட்டாராம். ஊருக்கே பேர் வைக்கச் சொன்னதுபோல மாமா நடக்கத் தொடங்கிவிட்டார்.

கூட்டத்துக்கு இதற்கு முன்னர் அவ்வளவு சனம் வந்ததில்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில், பெண்கள் இருந்த பின் வரிசை வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தேன். பிள்ளையார் வீதி என்று ஒருவர் சொன்னார். பிள்ளையாரின் பேரில் பாடை போவதா என்று கோயில் தர்மகர்த்தா கோபித்துக்கொண்டார். முதலாளியின் தகப்பன் பேரை வைக்கலாம் என்று இன்னொருவர் சொல்ல, அந்தத் தகப்பன் வேலியை அயல் காணிக்குள் அரக்கி வைத்தவர் என்று ஒரு பழைய வழக்கு எழும்பிவிட்டது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த பேரை வெளியே விட்டார். ஆனந்த வீதி. பூதவுடல் ஆனந்த வீதி வழியாக எடுத்துச் செல்லப்படும் என்றா மரண அறிவித்தலில் போடுவது என்று யாரோ கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா தன் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கடைசியில் எஞ்சியது பூங்கா வீதி. அதிலும் இழுபறி. தார் போட்டால் போதும், பேர் எதற்கு, காலம் காலமாக இருக்கிற பேர்தானே என்று நாலைந்து பேர் பிடிவாதமாக நின்றார்கள். பேர் மாறாவிட்டால் என் மோதுகார் போச்சு.

அப்போதுதான் என் அம்மா எழும்பினார். பிள்ளைகளின் பரிசளிப்பு விழாவில்கூட மேடைக்குப் போக வெட்கப்படுகிறவர் அவர்.

"பேரை மாத்தினால் பொம்பிளையளும் அந்த வழியாலை போகலாமோ?"

கூட்டத் தலைவர் தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா கூரையைப் பார்த்தார். தெரு என்றால் எல்லோருக்கும் பொது, சுடலை வாசலுக்குள் போகாவிட்டால் சரி என்று மாமா தன் கட்சிக்கு உயிர் கொடுத்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

"அப்ப மாத்துங்கோ," என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பவும் வாங்கில் இருந்தார். எனக்காகத்தான் இவ்வளவு பேருக்கு முன்னால் எழும்பிக் கதைத்தார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருடைய கையை விடவேயில்லை.

தார் போட்டார்கள். பிரேதம் போகும்போது பூங்காவில் பாட்டை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு பேர்ப்பலகை நட்டார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் புறப்பட்டோம். அம்மா தேருக்கு உடுக்கிற சேலையை உடுத்தியிருந்தார். வெங்காயம் விற்ற காசில் அப்பா ஒதுக்கியிருந்தது இவ்வளவுதான்: நுழைவு ரிக்கற், எல்லோருக்கும் ஒருதரம் ராட்டினம், எனக்கு ஒருதரம் மோதுகார், ஆளுக்கொரு ஐஸ்கிறீம். வழியில் அதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா மெல்ல மெல்ல நடந்தார். நான் மாடு இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் ராட்டினம் என்று அம்மா சொன்னார். நான், அப்பா, அம்மா மூன்று பேரும் ஒரு பெட்டியில் ஏறினோம். பெட்டி மேலே எழும்பியது. நான் கத்தினேன், சிரித்தேன், திரும்பவும் கத்தினேன். கீழே ஆட்களை ஏற்றுவதற்காக, நாங்கள் உச்சியில் நிற்கும்போது ராட்டினம் நின்றது. ரயில் நிலையம், கோயில் கோபுரம், கட்டம் கட்டமாக வெங்காயத் தோட்டங்கள் எல்லாம் தெரிந்தன. அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவர் பார்த்தது எங்களுக்கு நேர் கீழே கிடந்த மதிலை.

"இஞ்சருங்கோ, எந்த இடம்?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கம்பிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "உந்த நாவல் மரத்துக்குக் கிழக்காலை. மதிலோடை."

எங்கை, எங்கை என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு மரமும் கொஞ்சம் புல்லும்தான் தெரிந்தன. ராட்டினம் திரும்பவும் சுற்றத் தொடங்கியது.

இறங்கியதும் அம்மா இன்னொருதரம் போவோம் என்றார். ஐஸ்கிறீம் காசு அதோடு போனது. எனக்குப் பரவாயில்லை, மோதுகார் இருக்கிறதே. இரண்டாந்தரமும் சுற்றி இறங்கினோம். அப்போது அம்மா அப்பாவின் கையிலிருந்த மிச்சக் காசை வாங்கிக்கொண்டார்.

"இனி நான் தனியப் போயிட்டு வாறன்."

அது என் மோதுகார்க் காசு. அப்பா ஏன் என்று கேட்பார், ஏசுவார் என்று பார்த்தேன். அவர் தலையாட்டினார். அம்மா பெட்டியில் தனியாக ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே போனார். நான் நிலத்தில் குந்தி இருந்து ஓவென்று அழுதேன். அங்கே வந்திருந்த மாமா என்னைத் தூக்கிக்கொண்டு கடலைக் கடைப் பக்கம் போனார். கடலை வாங்கித் தந்தார், நான் தின்னவில்லை. இந்த அம்மாவுக்கு ராட்டினப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவரிடம் முறையிட்டேன். மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

மாமா காரணத்தைச் சொன்னது ஏழெட்டு வருடம் கழித்து. எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டதாம். அவ்வளவு சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அப்பா வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு நடக்க, மாமா மண்வெட்டியோடு அந்த நாவலடிவரை பின்னால் போனாராம். அம்மா படலையோடு நின்றாராம்.

ராட்டினத்தின் கீழே குந்தி இருந்து அழுத அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. என் மோதுகார்க் காசில் அம்மா மேலே போயிருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே தெரியாது.