ராயல் மீரானின் நாற்பத்தெட்டு மணி நேரம்

அகமது மீரானுக்கு மூக்கு செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஊருக்கு அது தெரியாது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஜீஷானுக்குத் தெரிந்துவிட்டது. அன்று டீ போடும் அடுப்பில் கேஸ் கசிந்தது. கிடங்கில் இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். முதலாளி மட்டும் நாற்காலியில் சாய்ந்தபடி, "எங்கலே எல்லாவனும் ஓடுதிய? டீ ஆச்சா?" என்று கேட்டார்.

அப்படிப்பட்ட மூக்கை வைத்துத்தான் அவர் வாசனை வியாபாரம் செய்தார்.

மேலப்பாளையத்தில் அவருக்குப் பெயரே 'சார்ஜா மூக்கு'. பத்தொன்பது வருடம் சார்ஜாவில் அத்தர் கடையில் இருந்தவர், அரபி முதலாளிகள் புது அத்தர் வாங்குமுன் இவரைக் கூப்பிட்டு முகரச் சொல்வார்கள், இவர் தலையாட்டினால்தான் பாட்டில் மூடியே திறக்கும் என்றெல்லாம் கதை. உண்மையில் அவர் அந்தக் கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். காற்றோட்டமில்லாத அந்த அறையில் நாள் முழுக்க வாசனைக்குள்ளேயே உட்கார்ந்து மூக்கு மரத்துப்போனது. இதை அவரே ஒருமுறை பெருமையாகச் சொன்னார்: "ஊது, கஸ்தூரி, ரோஜா... எல்லாம் எனக்குள்ள இறங்கிப் போச்சுலே. இப்ப எனக்குத் தனியா ஒண்ணும் தெரியுததில்ல."

ஊர் திரும்பியதும் நாங்குநேரி போகும் சாலையில் பழைய பருத்திக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, உடம்பில் அடிக்கும் ஸ்பிரே டின் நிரப்பும் தொழிலை ஆரம்பித்தார். 'ராயல் மீரான்' என்று பெயர். டின்னில் பாய்கிற குதிரை, குதிரைக்குப் பின்னால் பாலைவனம். வாசனைக்காக அவர் பெரிதாக மெனக்கெடவில்லை. தான் வழக்கமாகப் பூசும் அத்தர் பாட்டிலை மும்பையிலிருந்து வந்த எண்ணெய் வியாபாரியிடம் கொடுத்து, "இதே மாதிரி மலிவா ஒண்ணு" என்றார். வந்தது. மலிவாகவே வந்தது.

ஜீஷான் எம்.எஸ்ஸி. வேதியியல். அவன் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பாளையங்கோட்டையில் படித்து முடித்தபின் இரண்டு வருடம் வேலை தேடினான். மொபைல் கடையில் கண்ணாடி ஒட்டினான், டியூஷன் எடுத்தான். மீரான் கூப்பிட்டபோது உம்மா ஹமீது பீவி பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "எம் புள்ள கம்பெனில விஞ்ஞானி." விஞ்ஞானி செய்தது என்னவென்றால், ஒரு டிரம்மில் ஆல்கஹாலும் எண்ணெயும் ஊற்றிக் கட்டையால் கலக்கினான்.

அவனுக்கு எல்லாவற்றின் மேலும் இளக்காரம் இருந்தது. முதலாளி மேல், குதிரை மேல். ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் குளிக்காமல் வந்து, சட்டைக்குள் டின்னை விட்டு அரை நிமிடம் பீய்ச்சிக்கொள்ளும் பையன்கள் மேல். அவர்களும் தன்னைப் போலப் படித்தவர்கள்தான் என்பது அந்த இளக்காரத்தைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை. இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்று தெரிந்தும் இளக்காரம் பண்ணுகிறோமே, நமக்கு அதற்கு என்ன தகுதி என்று சில நாள் பஸ்ஸில் நின்றபடி யோசிப்பான். ஸ்டாப் வந்ததும் இறங்கிவிடுவான்.

மதுரை மொத்த வியாபாரி ஒருவர் வந்து போனதில்தான் விஷயம் சூடுபிடித்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் டின்னில் 'இருபத்துநாலு மணி நேரம் மணக்கும்' என்று போடுகிறார்கள், நீங்கள் நாற்பத்தெட்டு என்று போடுங்கள், ஆனால் சோதனை செய்த தாள் ஒன்று வேண்டும், தெற்கே அத்தனை மாவட்டமும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீரான் ஜீஷானைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தெட்டு மணி நேரம் நிக்கணும். நீ சோதிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"இப்ப நாலு மணி நேரம் கூட நிக்கலியே முதலாளி."

"அதுக்குத்தாம்லே உன்ன வச்சிருக்கேன். நின்னா நீதான் இனி லேபுக்கு இன்சார்ஜ். நிக்கலன்னா டின்னு நிரப்புத ஆளுவ போதும். படிச்சவன் எனக்கு எதுக்கு?"

அன்று மாலையே ஜீஷான் உம்மாவிடம் இன்சார்ஜ் விஷயத்தை மட்டும் சொன்னான். மற்றப் பாதியைச் சொல்லவில்லை.

ஸ்பிரே என்பது ஒரு ஏமாற்று வேலை என்பது அவனுக்குத் தெரியும். டின்னுக்குள் இருக்கும் வாயு வெளியே சீறி வரும்போது பாதி வாசனையைக் காற்றிலேயே இறைத்துவிடும். தோலில் படும் மிச்சத்தைத் திருநெல்வேலி வெயில் உறிஞ்சிவிடும். முதலில் போவது மேலாக மணக்கும் லேசான சரக்கு. கனமான சரக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு வழி அவன் படித்திருந்தான். மாவுச்சத்திலிருந்து செய்யும் ஒரு வெள்ளைப் பொடி. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நடுவில் குழிவிழுந்த கிண்ணம் போல இருக்கும். வாசனை அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வியர்வை ஈரம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதாவது ஆள் வியர்க்க வியர்க்க மணக்கும். இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பொடி உண்டா?

அந்தப் பொடி டின்னின் மூக்குத் துளையை அடைத்தது. அளவைக் குறைத்தான். மறுபடி அடைத்தது. இன்னும் குறைத்து, அடிப்பதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும் என்று முடிவு செய்தான். அடைக்காமல் வந்தது. அவ்வளவு குறைந்த பொடி வேலை செய்யுமா என்பதை மட்டும் அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை வேலையாட்களை வரிசையாக நிற்கவைத்து, எல்லாருடைய இடது முன்கையிலும் ஒரே அளவு அடித்தான். சனிக்கிழமை காலை வரை அந்தக் கையில் சோப்பு போடக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று உத்தரவு. "அப்ப ஒரு கைய நனைக்காமக் குளிக்கணுமா சாரு? எருமையக் குளிப்பாட்டுனாக் கூட ரெண்டு பக்கமும் ஊத்துவாங்களே" என்று டின் நிரப்பும் பிச்சைக்கண்ணு கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஜீஷான் சிரிக்கவில்லை. விஞ்ஞானம் நடக்கும் இடத்தில் இந்த ஆட்கள் எதற்கு என்று நினைத்தான்.

மத்தியானம் முகர்ந்தபோது வாசனை இருந்தது. அடித்து நாலு மணி நேரம் ஆனதும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வெறும் தோல்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மாவுக்குக் கிடங்கை இரண்டு மணி நேரம் அடைப்பார்கள். பக்கத்துப் பள்ளிவாசல் வாசலில் அகமது மீரான் அத்தர் பாட்டிலோடு நிற்பது வழக்கம். வருகிற ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். பெரியவர், சின்னவர், எதிரி, சொந்தம் என்று பார்க்க மாட்டார். அவர் செய்யும் காரியங்களில் ஜீஷானால் குறைசொல்ல முடியாதது அது ஒன்றுதான். ஜீஷானும் வரிசையில் நின்று வலது கையை நீட்டினான். மீரான் அவனுக்கு மட்டும் இரண்டு இழுப்பு இழுத்தார்.

தொழுகை முடிந்து வந்ததும் மறுபடி சோதனை. ஒவ்வொருவருடைய இடது முன்கையையும் வலது கையால் ஏந்தித் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்தான்.

மணத்தது!

முதல் கை. இரண்டாவது கை. அடுத்தது. எல்லாக் கையும் மணத்தது. முந்தின நாள் சாயங்காலம் செத்துப்போயிருந்த வாசனை எழுந்து உட்கார்ந்திருந்தது. ஜீஷானுக்குக் காரணம் உடனே பிடிபட்டது. பள்ளிவாசலுக்கு நடந்த வெயில், வியர்வை, ஈரம், பொடி. குழிக்குள் இருந்த சரக்கு இப்போதுதான் வெளியே வருகிறது. பள்ளிவாசலுக்கே போகாத செந்தூர்பாண்டியின் கையும் மணத்தது. அவன் கிடங்கின் தகரக் கூரைக்கடியில் வியர்த்திருப்பான். படித்தவனுக்கு எதற்கும் காரணம் கிடைத்துவிடும். பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனான்.

மீரான் அங்கேயே நின்று மதுரைக்குப் போன் போட்டார். "முப்பது மணி நேரம் தாண்டியும் நிக்கி வே! நாப்பத்தெட்டு என்ன, சொன்னா மூணு நாள் கூட நிக்கும். எங்க பையன் விஞ்ஞானியாக்கும்!" டின் அச்சடிப்பவருக்கும் சொல்லிவிட்டார்.

வேலை முடிகிற நேரம் பிச்சைக்கண்ணு பைய வந்து நின்றான்.

"சாரு, உங்க சரக்கு சாதாரணச் சரக்கு இல்ல. நான் எல்லாருட்டயும் சொல்லிட்டு வாரேன்."

"என்ன?"

"நேத்து வீட்டுக்குப் போனம்லா, எம் பொண்டாட்டி ஆறுமுகத்தாய் பிடிச்சுக்கிட்டா. 'எவ கூடய்யா சுத்திட்டு வாரீரு, ஒத்தக் கைய மட்டும் நனைக்காமக் குளிக்கீரு'ன்னு ஒரே சண்ட. கம்பெனிச் சோதனைன்னா நம்புதாளா? பொறவு அவளே துணி சோப்பப் போட்டு, தேங்கா நாரால தோலு உரியத் தேச்சு விட்டா. இன்னிக்கு நீங்க மோந்துட்டுப் பத்துக்கு எட்டுங்கிய! தேங்கா நாருக்கும் அடங்கலியே சாரு!"

ஜீஷான் அவன் கையைப் பிடிக்கவில்லை. கையைத் தொடாமல், குனிந்து முகத்தை மட்டும் கொண்டுபோனான். துணி சோப்பு. கொஞ்சம் வியர்வை. வேறொன்றும் இல்லை.

பிறகு தன் வலது கையை முகர்ந்தான்.

பிச்சைக்கண்ணு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சாரு, நான் கழுவுனது தப்பாப் போச்சோ?" என்றான்.

"ஒண்ணுமில்ல, நீ போ."

பதினைந்து பேருடைய கையையும் அவன் முகர்ந்து மதிப்பெண் போட்டது தன்னுடைய ஒரே புறங்கைக்குத்தான். செத்த மூக்கு என்று ஒரு மனிதரை அத்தனை நாள் இளக்காரமாக நினைத்தவன், தன் உயிருள்ள மூக்கை வைத்து என்ன செய்தான்? அவருக்காவது எதுவும் தெரியாது. இவனுக்கு வேண்டியது மட்டும் தெரிந்தது. அன்று மேலப்பாளையம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது அந்தக் கை முகத்துக்கு நேரே இருந்தது. கையை மாற்றிப் பிடித்தான்.

சனிக்கிழமை சோப்பு போட்டுக் கழுவிய கையோடு போய் எல்லாரையும் மறுபடி முகர்ந்தான். ஒன்றுமில்லை. நேரே மீரானின் அறைக்குள் போனான். இன்சார்ஜ் வேலை போகும், சில வேளை வேலையே போகும். போகட்டும் என்று இருந்தது அவனுக்கு. நினைக்க நன்றாகவும் இருந்தது.

"முதலாளி, நேத்து மணத்தது நம்ம சரக்கு இல்ல. நீங்க என் கையில பூசுன அத்தரு."

மீரானின் முகம் மலர்ந்தது. "ரெண்டு இழுப்பா? ரெண்டே இழுப்பு அவ்வளவு பேரு கையிலயும் மணத்துச்சா? பாத்தியாலே சார்ஜா சரக்க!"

"நாப்பத்தெட்டுன்னு போட முடியாது."

கோபம் வரும் என்று ஜீஷான் காத்திருந்தான். வரவில்லை.

"சரி. முப்பத்தாறு."

"இல்ல முதலாளி."

"இருபத்துநாலு. ஊருல எல்லாப் பயலும் போடுதான். அதுக்குக் கீழ நீ பேசப்பிடாது."

"நாலு மணி நேரம்தான் நிக்கி. நாலுன்னுதான் எழுத முடியும்."

"நாலா! காலையில அடிச்சது மத்தியானச் சோத்துக்கு முன்ன போயிரும்னு டின்னுலயே போட்டு விக்கச் சொல்லுதியா? எவன்லே வாங்குவான்? மனசாட்சியோட பேசு. பதினாறு வச்சுக்க."

"பதினாறெல்லாம் முடியாது."

"அப்ப நீதான் எறங்கி வா. நானே பேசிட்டிருக்கேன். நீ நாலுலயே நிக்கியே, இது நியாயமா?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பது போலவே அந்த நிமிடம் ஜீஷானுக்குத் தோன்றியது. வாசலில் அச்சகத்து ஆள் காத்திருந்தான். இன்சார்ஜ் ஆகப்போகும் பிள்ளைக்கென்று நேற்று உம்மா சீனி போட்ட பாலை நீட்டியது நினைவுக்கு வந்தது.

"ஆறு" என்றான்.

அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. மீரான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த தொழில் இப்போதுதான் ஆரம்பமாகியிருந்தது.

"பன்னெண்டு."

"முடியாது. ஏழு."

"பத்து. முடிச்சுக்கிடுவோம்."

"எட்டு. அதுக்கு மேல ஒரு நிமிசம் கூடப் போக மாட்டேன் முதலாளி."

எவ்வளவு உறுதியாகச் சொன்னான்! மேசையில் தட்டிக்கூடச் சொன்னான். மீரான் நீளமாகப் பெருமூச்சு விட்டு, நெஞ்சில் கைவைத்து, நஷ்டப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக் கிடங்குக்குள் கூட்டிப்போனார்.

"ஏலே, எல்லாவனும் கேளுங்க. இனி இவந்தான் நமக்கு இன்சார்ஜ். நாப்பத்தெட்டுல ஆரம்பிச்சேன், ஒத்தக் கால்ல நின்னு எட்டுக்குக் கொண்டாந்துட்டான். சார்ஜால எத்தன வியாபாரியப் பாத்திருக்கேன், எங்கிட்ட நாப்பது மணி நேரம் குறைச்சவன் எவனும் கிடையாது. நேர்மையான பய!"

பிச்சைக்கண்ணு கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். அச்சகத்து ஆள் கேட்டபோது, எட்டு என்பதை எழுத்தில் போடுவதா எண்ணில் போடுவதா என்பதற்கு மட்டும் ஜீஷான் பதில் சொன்னான்.