வேப்பிலை கட்டிய வாசல்

"டாக்டர் பேர்ல பதவி வைக்க நம்ம சனம் காசு குடுக்காது லா," என்றார் சித்தப்பா. போலியோ சொட்டு மருந்தை ஆராய்ந்த மருத்துவரின் பெயரில் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பதவி நிறுவ சிங்கப்பூர் முழுக்க வீடு வீடாக நிதி திரட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். நம் சனம் வாழும் சிராங்கூன் சாலைத் தெருக்களில் திரட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மை கண்ட வீட்டிலிருந்து எதுவும் வெளியே தரமாட்டார்கள் என்று கடந்துபோனேன்.

"ஏம்மா, எங்கள மட்டும் விட்டுட்டுப் போறே?" என்று உள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள். நிதி எதற்கென்பதையும் கடந்துபோன காரணத்தையும் சொன்னேன்.

"அந்த மருந்து முன்னாடியே வந்திருந்தா எம் மூத்தவன் நடந்திருப்பான். சின்னவனுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துனதும் வந்து காசு வாங்கிக்க. எம் பேர இப்பவே எழுது."

கேட்காமலே அவளுக்காக நான் பதில் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்கு என்ன புரியும் என்று ஒதுக்கியிருந்த தொழிலாளர் குடியிருப்புக்கு அன்று மாலையே போய்க் கதவைத் தட்டினேன்.