தொடரில் வராத காட்சி

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் மகள் தமிழாசிரியர் பயிற்சி வகுப்புக்காகக் கணினியில் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரின் மாமியாரை உளவியல் கோட்பாடுகளை வைத்து அலசவேண்டுமாம். நெத்திலி ஆய்ந்துகொண்டே பெருமையோடு கேட்டேன்.

"மகன் வேலைக்குக் கிளம்பும்போது அந்த மாமியார் முகங்கொடுத்துப் பேச மாட்டாங்க. அவர் போனதும் போன் பண்ணி அழுவாங்க," என்றாள்.

சிறுவயதில் அடக்கிவைத்த பயம்தான் காரணம் என்கிறதாம் ஒரு கோட்பாடு. அழுதால் மகன் திரும்பி வருகிறான், அதனால் அழப் பழகிவிட்டாள் என்கிறதாம் இன்னொன்று. இரண்டாவதுதான் பொருந்துகிறது என்று முடித்தாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. தொடரில் அப்படியொரு காட்சியே வரவில்லை. திங்கட்கிழமைதோறும் என் மகன் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது அப்படிச் செய்வது நான்தான்.

வகுப்பு முடிந்ததும், "அது எந்த எபிசோட்ல வந்துச்சு?" என்றேன்.

அவள் முகம் வெளிறியது. "சாரிம்மா. உதாரணம் சொல்லணும், சட்டுனு அதுதான் வாயில வந்துச்சு."

"நான் வேணும்னேவா அழுறேன்?"

"தெரியலம்மா. ஆனா அண்ணன் ரெண்டு தடவ பாதி வழியில திரும்பி வந்துட்டாரு தானே?"

நெத்திலிச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை வாசல்வரை போய், "பார்த்துப் போயிட்டு வாய்யா," என்றேன். மோட்டார் சைக்கிளைக் கிளப்பப்போனவன் திகைத்துப்போய், "அம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.