லயத்துக் கூரையில் ஒரு சிவப்புத் தார்ப்பாய்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. தலையில் மழைத்துளி விழுந்தால் என் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

பயம் எல்லாம் இல்லை. தெஹியோவிட்டயில் ரப்பர் பால் வெட்டியே வயசானவன் நான். மழை பெய்தால் மரம் நனையும், பால் வெட்ட முடியாது, வேலை இல்லை. என் காலுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது.

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொட்டுகிற மழையிலும் கொழுந்து பறிக்கிற கூட்டம். கல்யாணமான புதிதிலேயே எனக்கு 'உப்புக்கட்டி' என்று பேர் வைத்துவிட்டாள். நனைந்தால் கரைந்துவிடுவேனாம்.

ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாக இருக்கிற தோட்டத்து வீடுகள்தான் லயம். அவள் பிறந்த லயத்துக்கு மேலே வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பாறைச் சுவர் நிற்கும். அதன் உச்சிதான் ஹோர்ட்டன் சமவெளியில் எல்லாரும் போய்ப் பார்க்கிற 'உலக முடிவு' என்கிற இடம். கீழே நின்று கொழுந்து பறித்த காலமெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி… அங்கே இருந்து பார்த்தால் நாங்கள் தெரிவோமா? லயத்தில் யாரும் அங்கே ஏறியதில்லை. அதனால் பதிலும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். ஒரு ஏப்ரல் லீவில் எங்கள் மகள் நிரோஷா அங்கே போகப் பிடிவாதமாக வேன் பேசிவிட்டாள். அந்த லயத்திலேயே இருந்த ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி மச்சான் ஒரு யோசனை சொன்னார். கோயில் திருவிழாப் பந்தலுக்குப் போடுகிற பெரிய சிவப்புத் தார்ப்பாயைக் கேட்டு வாங்கி, லயத்துக் கூரையில் விரித்துவிட்டு, தானும் மேலே ஏறி நிற்பாராம். அடையாளத்துக்கு.

இடைஞ்சல் ஒன்றுதான். வெயில் ஏற ஏறப் பனி மேலே வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் காலைக் குளிர் இன்னும் என் காது மடலில் இருக்கிறது… சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். என் பிஸ்கட் பாக்கெட்டை உரித்து, பிஸ்கட்டை மட்டும் கையில் கொடுத்தார்கள். அங்கே நின்ற காவல்காரர் ஸ்டெல்லாவிடம், "இக்மனட்ட யன்ன அக்கே, மீதும எனவா" என்றார். சீக்கிரம் போங்க, பனி வருது என்று.

ஸ்டெல்லா சாப்பாட்டுப் பையின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டாள், கொழுந்துக் கூடை மாதிரியே. நிரோஷாவுக்கு வெட்கம்.

"அம்மா, தலையிலேருந்து எடுங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க. தலை வலிக்கப் போவுது."

"இந்தப் பையால வலிக்காதுடி. எனக்குத் தலைவலின்னா அது ஒங்க அப்பாவாலதான்."

அவள் ஏறுவதைப் பார்க்க வேண்டுமே… கல்லும் வேரும் சேறுமாகக் கிடந்த பாதையில் ஒரு இடத்திலும் நேராகக் கால் வைக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து, ஒரே மூச்சில், பேசிக்கொண்டே போனாள். நான் வீரமாக நேரே ஏறினேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் கல்லில் உட்கார்ந்து, காட்சியை ரசிப்பதாகச் சொன்னேன். எதிரில் இருந்தது ஒரு புதர்.

பாதி வழியில் தூறல் விழுந்தது. என் கால் திரும்பிவிட்டது.

திரும்பினது எனக்கே தெரியாது. ரப்பரா தேயிலையா, எது பெரிசு என்று ஸ்டெல்லாவுக்கு விளக்கிக்கொண்டே கீழே இறங்கிப் போகிறேன். பதில் இல்லையே என்று பார்த்தால் பக்கத்தில் ஆளே இல்லை. மேலே இருந்து குரல் வந்தது.

"ஏங்க உப்புக்கட்டி, வீட்டுக்குப் போனா கதவை நல்லாப் பூட்டிக்கங்க."

ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

உச்சிக்குப் போனால்… வெள்ளை. வெறும் வெள்ளை. பனி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. வந்தவர்கள் அந்த வெள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நிரோஷாவும் போவோம் என்றாள். ஸ்டெல்லா கம்பி வேலியைப் பிடித்தபடி, "நில்லு" என்றாள். அவ்வளவுதான். சேலை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது, ஆள் அசையவில்லை. என் கால் என்னைக் கெஞ்சியது. இருந்தாலும் நானும் நின்றேன். வேலையை நிறுத்துகிற மழையில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

ரொம்ப நேரம் கழித்து ஒரு காற்று அடித்தது. பனியில் ஒரு ஓட்டை விழுந்தது.

அடியாழத்தில் பச்சை… நூல் மாதிரி ரோடு… நெருப்புப் பெட்டிகளை அடுக்கினது போல லயங்கள். ஒரு பெட்டியின் மேல் மட்டும், குச்சியின் மருந்து அளவுக்கு ஒரு சிவப்பு. அதே நேரம் போன் அடித்தது. மச்சான் போட்ட சத்தத்துக்குப் போனே தேவையில்லை.

"தெரியுதா தங்கச்சி? நான் கையை ஆட்டுறேன். குதிக்கவும் செய்றேன்."

"தெரியுதுண்ணே," என்றாள் ஸ்டெல்லா. மறுபடியும் சொன்னாள். "மேலேருந்து பாத்தா நாங்க தெரியிறோம்ண்ணே."

உடனே பனி மூடிவிட்டது. அவளுக்கு அது போதும்.

திரும்புகிற வழியில் ஒரு அருவிக்கும் இறங்கினோம். செங்குத்து இறக்கம், பாசி. நான் பெரும்பகுதியை உட்கார்ந்தே இறங்கினேன். மேலே ஏறும்போது அவள் முந்தானைதான் எனக்குக் கயிறு. இந்தப் பொம்பளையிடம் இனி வாய் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சாயங்காலம் வரைக்கும் அந்த முடிவில் உறுதியாக இருந்தேன்.

இப்போது நிரோஷா போனில் மேப்பைத் திறந்து இரண்டு விரலை விரித்தால் போதும், அதே லயம் மேலேயிருந்து பளிச்சென்று தெரிகிறது. பனியும் இல்லை, ஏற்றமும் இல்லை. ஸ்டெல்லா ஒரு தரம் பார்த்தாள். "இதுல அண்ணனைக் காணோமே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு இப்போது முழங்கால் வலி. கோயில் படி ஏற என் தோளைப் பிடிக்கிறாள். மழை வந்தால் என் கால் இன்னமும் வீட்டுப் பக்கம்தான் திரும்புகிறது… அவளும் பேசாமல் கூடவே வருகிறாள், மெதுவாக. உப்புக்கட்டி என்று அவள் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு.

மச்சான் விசயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பனி மூடின பிறகும் அவர் குதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பழைய தகரம். அது விட்டுக்கொடுத்ததில் அவருடைய இடது கால் மட்டும் பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் இறங்கி, அங்கேயே தொங்கியிருக்கிறது.

அந்த வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்து, தொங்கின காலில் இருந்த செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பருப்பைக் கிண்டப் போய்விட்டார்.