மூட மாட்டேன்

சின்னவளுக்கு ஆட்டிசம். இருபத்து மூன்று வயதாகியும் வாயிலிருந்து வருவது நாலைந்து சொல்தான். மற்றதையெல்லாம் அவளுக்காக டேப்லெட் பேசும். திரையில் இருக்கும் குவளைப் படத்தைத் தொட்டால் "தண்ணி" என்று குரல் வரும்.

"படமே போதும்மா," என்றார் அவள் போகும் பகல்நேர மையத்தின் பொறுப்பாளர். "பேச்சே வராத பொண்ணுக்கு வாசிப்பு வகுப்பு எதுக்கு? வீணா ஆசைய வளத்துக்காதீங்க."

பியூட்டி பார்லர் நடத்தும் அக்காவுக்குச் சுருக்கென்றது. "பேச்சு வரலன்னா படிக்க வராதுன்னு யார் சார் சொன்னது? நான் சொல்லிக் குடுக்கறேன், பாருங்க."

பேச்சுப் பயிற்சி தரும் ஒருவரிடம் போய் வழி கேட்டுக்கொண்டாள். வாய்விட்டு எழுத்துக்கூட்ட முடியாதவளுக்காக டேப்லெட்டே எழுத்துக்கூட்டியது. 'ப'வைத் தொட்டால் ப, 'டி'யைத் தொட்டால் டி, இரண்டையும் சேர்த்தால் படி. படத்துக்குக் கீழே சொல்லை வைத்து, படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கினாள் அக்கா. கடைசியில் சொல் மட்டும் மிஞ்சியது. படம் காணாமல் போன அன்று சின்னவள் டேப்லெட்டை வீசியெறிந்து, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா படத்தைத் திரும்ப வைத்தாள். அடுத்த வாரம் மறுபடி எடுத்தாள். பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

சீப்புக்கும் சோப்புக்கும்தான் பெரிய மல்லுக்கட்டு. 'சீப்பு' என்ற சொல்லைக் காட்டினால் சின்னவள் கையில் சோப்பு வரும். பார்லர் நாற்காலியில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் சிரித்தபடி பொறுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் சீப்பே வந்தது. அதன்பிறகு தவறவேயில்லை.

அக்கா அவளை நேரே மையத்துக்கு அழைத்துப் போனாள்.

"நீங்க பக்கத்துல நின்னு ஜாடை காட்டுவீங்க," என்றார் பொறுப்பாளர்.

"அப்ப நான் வெளிய நிக்கறேன்."

அவர் கரும்பலகையில் 'கதவை மூடு' என்று எழுதினார். சின்னவள் பார்த்தாள், அசையவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் அவள் விரல் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தொட்டுக்கொண்டிருந்தது. டேப்லெட் கணீரென்று சொன்னது: "மூட மாட்டேன். அக்கா வெளிய."

வாசலில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"சொன்னத செய்யலியே..." என்று இழுத்தார் பொறுப்பாளர்.

"செய்யலதான் சார். படிச்சுட்டுதான் செய்யல."

"சரிம்மா, வகுப்பப் பத்தி யோசிக்கலாம்."

"நீங்க நல்லா யோசிங்க. நாளைக்கு அவ வந்து உக்காருவா."

உட்கார்ந்தாள், முதல் வரிசையில். எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போதெல்லாம் அவள் பார்லர் மூலையில் வாரப் பத்திரிகை படிக்கிறாள். யாராவது குழந்தையைக் கொஞ்சுவது போலத் தலையைத் தடவினால் டேப்லெட் அதட்டுகிறது: "தொடாதீங்க. படிக்கறேன்."